இடது பின்னங்கால்

எங்கள் நாய்க்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஆபரேஷன் முழுக்க நாயின் தலையிலும் காலிலும் ஊசி குத்தி வைத்து, நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்று சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார்கள். அதுதான் என் வேலை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பதினாறு வருஷமாக மனிதர்களுக்கு அதைச் செய்கிறேன். முதுகுத்தண்டில் கத்தி வைக்கும்போது ஆள் மயக்கத்தில் இருப்பார். கால் அசைகிறதா என்று அவரைக் கேட்க முடியாது. அதனால் தலையில் சின்னதாக ஒரு மின்துடிப்பு கொடுப்பேன். அது மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கிக் கால் தசைக்குப் போய்ச் சேர்ந்தால் திரையில் ஒரு கோடு எழும்பும். அதைத்தான் நாங்கள் சிக்னல் என்கிறோம். கோடு எழும்பினால் பாதை சரியாக இருக்கிறது. கோடு படுத்துவிட்டால், டாக்டரின் கருவி படக்கூடாத இடத்தில் படுகிறது என்று அர்த்தம். உடனே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்வதற்குத்தான் சம்பளம். சொன்னால் டாக்டர்களுக்குக் கோபம் வரும், அது தனிக் கதை.

நாய் என் தம்பியுடையது. கனடா போகும்போது, "ஆறு மாசம் பாத்துக்கக்கா, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று விட்டுப்போனான். நாலு வருஷமாகிறது. முழ நீளத்துக்கு உடம்பும் நாலு விரல் உயரத்துக்குக் காலும் இருக்கிற டாஷண்ட் ஜாதி. அப்பாவுக்கு முதல் நாளே ஆகவில்லை. "இது நாயா, தலகாணியா?" என்று கேட்டார்.

அப்பா கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர். இப்போது பெங்களூர் மர்பி டவுனில் என்னோடு இருக்கிறார். நெஞ்சு முழுக்கப் பாறைத்தூசி. தினமும் நடந்தால்தான் மூச்சு தாங்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பூமிக்கு அடியில நடந்ததே போதும்" என்று இவர் கட்டிலில் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வாரம் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. எதற்கும் மசியாத அந்த மனுஷன், இந்த நாய் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு லுங்கி நுனியைப் பல்லால் பிடித்து இழுத்ததும் எழுந்து செருப்பை மாட்டினார். அன்றிலிருந்து அல்சூர் ஏரி வரைக்கும் போய்வருவது இரண்டு பேருக்கும் வழக்கமானது. அப்பாவின் இளைப்பு பாதியாகக் குறைந்தது. எனக்குச் சந்தோஷம்தான். பெற்ற மகள் சொல்லிக் கேட்காததை ஒரு நாய் சொல்லிக் கேட்டார் என்ற எரிச்சலும் இருந்தது, அதை மறைப்பானேன்.

நாயை அவர் சனியன் என்றுதான் கூப்பிடுவார். சனியனும் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

இந்த ஜாதிக்கு முதுகு பலவீனம், சோபாவில் ஏற்றாதே, குதிக்க விடாதே என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். "அதுவா ஏறுது. நானா ஏத்துறேன்?" என்பார். தூக்கி ஏற்றுகிறவரே அவர்தான், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன வருஷம் மழை விட்ட சமயம், ஒரு வெள்ளிக்கிழமை, சோபாவிலிருந்து குதித்த நாய் ஒரே தரம் வீறிட்டது. சாயங்காலம் பின்னங்கால்கள் தள்ளாடின. மறுநாள் காலையில் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடி காலை லேசாக உதைத்தது, ஆனால் உடம்பைத் தாங்கக் காலில் வலு இல்லை. அப்பா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் அதைத் தள்ளிவிட்டவள் மாதிரி என்னைப் பார்த்தார்.

தொம்மலூருக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு ஒன்று வெடித்து, உள்ளே இருந்தது இடது பக்கமாகப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறதாம். கல் மாதிரி இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்.

"எல்லாத்தையும் எடுத்தா நடக்க சான்ஸ் இருக்கு மேடம். ஆனா கடைசித் துண்டு ரொம்ப ஒட்டியிருக்கு. அதைச் சுரண்டப் போயி தண்டுவடத்துல அடிபட்டா, இருக்கிற வலுவும் போயிடும். யாராவது சிக்னல் பாத்துச் சொன்னா தைரியமா கடைசி வரைக்கும் எடுப்பேன். இல்லாட்டி பாதியோட நிறுத்திடுவேன்."

நான் செய்கிற வேலையை அவரிடம் சொல்லாமலேயே இருந்திருக்கலாம். அப்பாதான் நடுவில் புகுந்தார். "இவ அதத்தான் பண்றா. மனுஷங்களுக்குப் பண்றா, இதுக்குப் பண்ணமாட்டாளா?"

சொந்த வீட்டு ஆளுக்கு நாங்கள் பார்ப்பதில்லை. கை நடுங்கும், கண் ஏமாற்றும். அதனால் உடன் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேருக்கு போன் போட்டேன். ஒருத்தி சிரித்து முடிக்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. இன்னொருவர் "கடிக்குமா?" என்று கேட்டார். மயக்கத்தில் இருக்கிற நாய் எப்படிக் கடிக்கும் என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். தெரிந்த ஒருவரிடம் பழைய மெஷினை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் அப்பா, அவர் மடியில் நாய். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆபரேஷன் அறை வாசலில் அப்பா என்னிடம் சொன்னார்: "அது நடந்தா நானும் நடக்கிறேன். இல்லன்னா இனிமே என்ன நட நடன்னு நச்சரிக்காத."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏம்ப்பா, உள்ள போறப்போ சொல்ற பேச்சா இது?" என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிரட்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே எல்லாமே எனக்கு எதிராக இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற பெண், தான் வாயுதான் கொடுப்பேன் என்றாள். அந்த வாயு உள்ளே போனால் என் சிக்னல் செத்துவிடும், நரம்பில் சொட்டுச் சொட்டாகப் போகிற மருந்துதான் வேண்டும் என்றேன். "எங்க பழக்கம் இதான் மேடம்" என்றாள். அரைமணி நேரம் போனது. டாக்டர் வந்து சொன்ன பிறகு, எனக்கு ஏதோ உபகாரம் செய்கிறவள் போல மாற்றினாள். அப்புறம் மெஷினைப் போட்டால் திரையில் கோடுகள் எல்லாம் கொதிக்கிற ரசம் மாதிரி குதிக்கின்றன. தேடிப் பார்த்தால், நாயைச் சூடாக வைக்கிற மெத்தை, அறை விளக்கு, சார்ஜ் ஏறுகிற யாருடைய செல்போனோ, எல்லாமே நான் சொருகிய அதே பிளக் போர்டில். மெத்தையையும் விளக்கையும் வேறு போர்டுக்கு மாற்றினேன். போனைக் கழற்றி எறிந்தேன்.

டாக்டரையும் அந்தப் பெண்ணையும் நிற்க வைத்து, மனிதர்களின் ஆபரேஷனில் சொல்வதையே சொன்னேன். "நான் துடிப்பு கொடுக்கறப்போ உடம்பு ஒரு தரம் தூக்கிப் போடும், கால் உதறும். மயக்கம் தெளியுதுன்னு நினைச்சுப் பதறாதீங்க. அது என் வேலை." இருவரும் தலையாட்டினார்கள். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று என்று நினைத்தேன்.

பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிற உதவியாளர். அறுபதை நெருங்குகிற வயது, தொம்மலூர்க்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். நாயைக் குப்புறப் போட்டு, நாலு காலையும் பருத்தி நாடாவால் மேஜையின் கொக்கிகளில் கட்டினார். அங்கே எல்லா நாய்க்கும் அதுதான் முறை. மணிக்கட்டில் ஒரு பழைய தழும்பைக் காட்டி, "பாதி மயக்கத்துல எழுந்தது ஒண்ணு மேடம். ராட்வீலர். அதுலேர்ந்து நான் முடிச்ச விடறதில்ல" என்றார். நான் ஊசி வைப்பதில் மும்முரமாக இருந்தேன். மனிதக் கால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தசையைத் தொடுவேன். இங்கே முழங்காலுக்குக் கீழே மொத்தமே என் கட்டை விரல் நீளம், அதில் தோல் வேறு நழுவுகிறது. "சரி சரி" என்று மட்டும் சொன்னேன்.

முதல் துடிப்பில் நாலு காலிலும் கோடு எழும்பியது. முன்னங்கால்களில் பெரிதாக, வலது பின்னங்காலில் சுமாராக, இடது பின்னங்காலில் சின்னதாக. சின்னதாக இருந்தாலும் இருந்தது. என் உடம்பில் அப்போதுதான் இரத்தம் ஓடியது.

துணி போர்த்தினார்கள். டாக்டர் முதுகைத் திறந்தார், எலும்பில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை போட்டார், வட்டிலிருந்து பிதுங்கியதைத் துண்டு துண்டாக எடுக்க ஆரம்பித்தார். நான் சில நிமிஷத்துக்கு ஒருமுறை துடிப்பு கொடுத்தேன். நாய் தூக்கிப் போடும், டாக்டர் கையை எடுத்துக்கொள்வார், நான் "இருக்கு" என்பேன், அவர் தொடர்வார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அவர் கை நல்ல கை. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிக்கொள்ளும்.

"கடைசித் துண்டு" என்றார். "பாருங்க மேடம்."

கொடுத்தேன். முன்னங்கால்கள் சரி. வலது பின்னங்கால் சரி. இடதில் கோடு பாதியாகியிருந்தது. இன்னொரு தரம் கொடுத்தேன். கால்வாசி. மூன்றாவது தரம் கோடு தரையோடு படுத்துவிட்டது.

"நிறுத்துங்க. இடது போச்சு."

"நான் இன்னும் தொடவே இல்ல மேடம்."

"தொட்டீங்களோ இல்லையோ, போச்சு."

"உங்க ஊசி கழண்டிருக்கும்."

"கழண்டிருந்தா எனக்குத் தெரியும். இரத்த அழுத்தம் எவ்ளோ?" என்று மயக்க மருந்துப் பெண்ணிடம் கேட்டேன். சரியாக இருந்தது. சூடு சரியாக இருந்தது. மருந்து அளவு மாறவில்லை. ஊசியின் தொடர்பைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. எதுவும் மாறாமல், ஒரே ஒரு கால், அதுவும் டாக்டர் தோண்டிக்கொண்டிருக்கிற அதே பக்கத்துக் கால். பதினாறு வருஷ அனுபவம் ஒன்றைத்தான் சொன்னது, தண்டுவடத்தில் அடி.

டாக்டர் வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். நான் மறுபடி கொடுத்தேன். வரவில்லை. மறுபடி. வரவில்லை. நாய் மட்டும் ஒவ்வொரு தரமும் தூக்கிப் போட்டது.

"என்ன சொல்றீங்க மேடம்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "இதோட மூடிடவா?"

மூடச் சொன்னால் கடைசித் துண்டு உள்ளேயே அழுத்திக்கொண்டு இருக்கும். எடுக்கச் சொன்னால் அந்தக் கால் ஒரேயடியாகப் போகலாம். எதைச் சொன்னாலும் சொன்னவள் நான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் போய்ப் படுப்பார், அவ்வளவுதான். எதற்காக இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ஒரே ஒரு தரம்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன். நாய் உதறியது. அப்போது மேஜையின் கால்மாட்டில், துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது. "சும்மா இரு கண்ணு. சும்மா இரு. ஒண்ணுமில்ல."

குனிந்து பார்த்தேன். உதவியாளர் குந்தி உட்கார்ந்து, இடது பின்னங்காலின் நாடாவைக் கையில் சுற்றி இழுத்து, கொக்கியில் இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கால இழுக்குது மேடம். மயக்கம் தெளியுது போல. நீங்கள்லாம் கவனிக்கல, அதான் நான் இறுக்கிட்டே இருக்கேன்."

நாய் உதறிய ஒவ்வொரு தரமும் இறுக்கியிருக்கிறார். சாதாரண நாய்க்கு நாடா பாதத்துக்கு மேலேயே நின்றிருக்கும். நாலு விரல் காலில் அது நிற்க இடமில்லாமல் முழங்கால் வரைக்கும் ஏறி, தசையைச் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. பாதம் ஜில்லென்று இருந்தது. தண்டுவடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. துடிப்பு முழங்கால் வரைக்கும் வந்துவிட்டு, முடிச்சைத் தாண்ட முடியாமல் நின்றிருக்கிறது.

"யோவ், கைய எடுய்யா" என்று கத்தினேன். என் அப்பா வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற மனுஷனை. "அறிவு இருக்கா? உன்னால கால் போயிருக்கும். யார் உன்ன இறுக்கச் சொன்னது?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். நான்தான் நாடாவை அவிழ்த்தேன், இறுகிப்போன முடிச்சு சீக்கிரம் வரவில்லை. அவர் எழுந்து சுவரோரம் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"உதறும்னு எனக்கு யாரும் சொல்லலியே மேடம்."

டாக்டரிடம் சொன்னேன், மயக்க மருந்துப் பெண்ணிடம் சொன்னேன். காலைப் பிடித்திருக்கிறவரிடம் சொல்லவில்லை. மனிதர்களின் ஆபரேஷனில் தரை துடைக்கிறவர் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவேன். இங்கே நாய்தானே என்று மற்றவர்கள் சிரித்தபோது கோபப்பட்ட நானே, நாய் கட்டுகிறவர்தானே என்று விட்டிருக்கிறேன். காலையிலிருந்து யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். திட்டப்பட வேண்டியவள் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

பாதம் சூடாகப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு கொடுத்த துடிப்பில் இடது கோடு லேசாக நெளிந்தது. அடுத்ததில் எழும்பியது. காலையில் இருந்த அளவுக்கே வந்தது. "இருக்கு" என்றேன். டாக்டர் கடைசித் துண்டைச் சுரண்டி எடுத்தார். அரிசி மணி அளவு இருந்தது. அதை எடுத்த பிறகு கொடுத்துப் பார்த்தேன். கோடு அப்படியே நின்றது.

உதவியாளர் அதுவரைக்கும் சுவரோரமே நின்றார். வெட்கமாக இருந்தது, அதைக் கோபம் மாதிரி முகத்தில் வைத்துக்கொண்டு மெஷினைக் கட்டினேன்.

நாய் நாலாம் நாள் வீட்டுக்கு வந்தது. கூண்டிலேயே வைக்கவேண்டும், வயிற்றுக்கு அடியில் துண்டு போட்டுத் தூக்கிப் பிடித்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வலது கால் ஊன்ற ஆரம்பித்தது. இடது இழுத்துக்கொண்டே வந்தது. நரம்பு வேலை செய்வதைத்தான் திரை காட்டும். கால் எப்போது ஊன்றும் என்று எந்தத் திரையும் காட்டாது. இதை அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் சொன்னபடியே கட்டிலை விட்டு நகரவில்லை. கழிவறைக்குப் போய்வந்தாலே இளைத்தது. "அது நடக்கட்டும்" என்றார், நான் என்ன சொன்னாலும் அதே பதில். ஒருநாள் தாங்க முடியாமல், "அம்மா இருந்திருந்தா உன்ன ரெண்டு போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். ஆட்டோவில் அழுதேன்.

தையல் பிரிக்க மறுவாரம் போனபோது அப்பாவும் வருவேன் என்றார். வாசலில் உதவியாளர் நின்றிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"விடுங்க மேடம். அடுத்த தரம் சொல்லிடுங்க, தளர்த்தியாப் பிடிச்சுக்கறேன்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு.

தையல் பிரித்தபின் டாக்டர் நாயை வராந்தாவில் நடத்திப் பார்க்கச் சொன்னார். எதிர்ப்பக்க பெஞ்சில், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்த அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவியாளர் வயிற்றுக்கு அடியில் துண்டைப் போட்டு இரு முனையையும் பிடித்துக்கொண்டு நடத்தினார். வலது கால் வைத்தது. இடது கால் திடீரென்று வேகமாக உதறியது. அவர் கை தானாகத் துண்டை இறுக்கியது. உடனே நின்று, என்னைப் பார்த்தார்.

"உதறட்டும். தளர்த்துங்க" என்றேன்.

தளர்த்தினார். துண்டு நாயின் வயிற்றுக்குக் கீழே தொங்கியது. நாய் ஆடியது. இடது பாதம் மடங்கிப் புரண்டது, பிறகு நிமிர்ந்து தரையில் பதிந்தது. நின்றது. ஓரடி வைத்தது. இன்னும் ஓரடி. இரண்டு தப்படியில் பெஞ்சை அடைந்து, கழுத்தை நீட்டி, அப்பாவின் லுங்கி நுனியைப் பல்லால் பிடித்தது.

அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் செருப்பு எங்க?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார்.